முதலில் நிற்கும் இடம்

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய்வந்தவர் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் அதில் இந்தப் படம் இருக்கும். விமானம் மல்லாக்கச் சாய்ந்து, இன்னும் கொஞ்சம் விட்டால் பின்பக்கம் விழுந்துவிடும் போலிருக்கும். பெரிய கோயில் விமானம் மேலே போகப்போக ஒடுங்குவதுதான், அது அதன் இயல்பு. ஆனால் அடியில் இருக்கும் சுவர்கள் நேர் செங்குத்தானவை. படத்தில் அவையும் சேர்ந்தே சாய்கின்றன. 1010இல் கட்டி முடித்ததிலிருந்து அசையாமல் நிற்கும் கல், நம் போனுக்குள் வந்ததும் ஏன் சாய்கிறது?

டீ சொல்லியாகிவிட்டது, உட்காருங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் படம் எடுப்பதில் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். பலரும் முதலில் கேட்பது, “அண்ணே, எந்த போன் வாங்கலாம்?” என்றுதான். கையில் இருக்கும் போன் போதும். 12 மெகாபிக்சல் இருந்தால் ஏ4 அளவுக்குத் துல்லியமாக பிரிண்ட் போடலாம், அதற்கு மேல் நமக்கு என்ன தேவை? வேட்டி நுனியாலோ சுத்தமான கைக்குட்டையாலோ லென்ஸை ஒருமுறை துடைத்துவிடுங்கள். சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடந்து விரல் எண்ணெய் ஏறிய லென்ஸில் எந்த விளக்கை எடுத்தாலும் பிசிறு பிசிறாகத்தான் வரும். கருவியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். மீதியெல்லாம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், வெளிச்சம் எங்கே நிற்கிறது என்ற இரண்டு விஷயங்களில் அடங்கிவிடும்.

கோபுரம் சாய்வதற்குக் காரணம் எளிது. பக்கத்தில் நின்றுகொண்டு உச்சி தெரிய வேண்டும் என்று போனை அண்ணாந்து பிடிக்கிறோம். அப்போது போனின் முகமும் சுவரின் முகமும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. சுவரின் அடி கேமராவுக்கு அருகில், உச்சி வெகு தொலைவில். தொலைவில் இருப்பது சிறிதாகும். தண்டவாளம் தூரத்தில் போய் ஒன்று சேர்வது போலவே, செங்குத்தான இரண்டு ஓரங்களும் மேலே போய் ஒன்றையொன்று நெருங்குகின்றன. போனை நேராக, தூக்குக்குண்டு விட்ட மாதிரி செங்குத்தாகப் பிடித்தால் இந்தச் சாய்வு வராது. ஆனால் நேராகப் பிடித்தால் உச்சி படத்துக்குள் வராதே என்பீர்கள். வரும். அதற்கு நீங்கள் பின்னால் நகர வேண்டும்.

எவ்வளவு பின்னால்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான போன்களின் பிரதான லென்ஸ், போனை நிறுத்திவைத்துப் பிடித்தால், கண்மட்டத்துக்கு மேலே சுமார் 33 டிகிரி வரை பார்க்கும். கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்றால் அதன் உச்சி இந்த 33 டிகிரிக்குள் வந்துவிடும். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். ஆகவே 90, 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெரிய கோயிலின் திருச்சுற்று கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர் நீளம், தெற்கு வடக்காக அதில் பாதி. தெற்கு மதிலை ஒட்டி நின்றால் விமானத்துக்கும் உங்களுக்கும் இடையே 50 மீட்டர்கூட இருக்காது. அங்கிருந்து என்ன செய்தாலும் அண்ணாந்துதான் ஆக வேண்டும். விமானம் முற்றத்தின் மேற்குப் பாதியில் இருக்கிறது. எனவே கிழக்கே, ராஜராஜன் திருவாசலுக்குள் நுழைந்ததும், நந்தி மண்டபத்தை நோக்கி நேரே நடக்காமல் தென்கிழக்கு மூலைக்கோ வடகிழக்கு மூலைக்கோ போங்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் விமானத்தின் இரண்டு முகங்கள் தெரியும், நந்தி மறைக்காது, போனை நேராகப் பிடிக்கவும் இடம் இருக்கிறது.

அப்படிப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும். அதை வெட்டியும் விடலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். சாயங்காலம் அந்த முற்றத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் ஓடும். நிழல் நீண்டு கிடக்கும். விமானம் எத்தனை பெரியது என்பதை உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்கள்தான் சொல்வார்கள். ஆளில்லாத கோபுரப் படத்தில் அளவு தெரியாது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. விமானத்தின் அடியிலேயே போய் நின்று, தயக்கமில்லாமல் நேர் மேலே பார்த்து எடுப்பது. அப்போது சாய்வுதான் படம், கல் வானத்தில் ஏறிப் போகிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். கொஞ்சம் மட்டும் அண்ணாந்து எடுத்த படந்தான் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது, அது நேராகவும் இல்லை, துணிந்து சாயவும் இல்லை.

இதே முற்றத்தில் 1858இல் ஒருவர் பெரிய கேமராவோடு நின்றார். லின்னேயஸ் டிரைப் என்று பெயர், ராணுவ அதிகாரி, மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். ஒவ்வொரு தாளும் ஓரடிக்கு மேல் அகலம், ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் எடுத்த விதந்தான் எனக்குப் பாடம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவை மட்டும் திருப்பியிருந்தால், பக்கத்தில் இருக்கும் எழுத்து பெரிதாகவும் தள்ளியிருக்கும் எழுத்து சிறிதாகவும் வந்திருக்கும், மூலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரிந்திருக்காது. அவர் சுவரோடு கூடவே கேமராவை நகர்த்திக்கொண்டு போனார். அப்படி எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டியபோது ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே கல்வெட்டுப் படம் கிடைத்தது. அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கி வைத்து அவர் அத்தனை முறை இடம் மாறியிருக்கிறார். நம்மிடம் இருப்பது கையளவு போன், நாம் ஓரடிகூட நகர்வதில்லை.

இப்போது டீ வந்துவிட்டது, குடிக்காதீர்கள். கண்ணாடி டம்ளரை மேசையில் வையுங்கள். பின்னால் பாய்லர் தெரிகிறதல்லவா? போனை டம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் ஒரு படம் எடுங்கள். டம்ளர் பெரிதாக, பாய்லர் எங்கோ மூலையில் சின்னதாக வரும். இப்போது எழுந்து நான்கைந்து அடி பின்னால் போங்கள். டம்ளர் முன்பு வந்த அதே அளவில் தெரியும் வரை ஜூம் செய்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டம்ளரின் அளவு மாறவில்லை. பாய்லர் மட்டும் பெரிதாகி டம்ளருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருக்கும்.

ஜூம் செய்தது இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை, நீங்கள் நடந்தது கொண்டுவந்தது. முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு உறவைத் தீர்மானிப்பது நிற்கும் தூரம் மட்டுமே. ஜூம் என்பது அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதுதான். இது தெரியாததால்தான் கோயில் முன் அம்மாவை நிறுத்தி எடுக்கும் படங்கள் கெடுகின்றன. அம்மாவைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்கிறோம். கோபுரம் முழுக்க வர வேண்டும் என்று நாம் பின்னாலேயே போகிறோம். கடைசியில் கோபுரம் இருக்கிறது, அம்மா இருக்கும் இடத்தில் ஒரு புடவை நிறம் மட்டும் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்னால் வாருங்கள். கோபுரத்துக்கு 150 மீட்டர் தள்ளி அவர் நிற்கட்டும், அவருக்கு மூன்று மீட்டர் தள்ளி நீங்கள் நில்லுங்கள். போனில் 2எக்ஸ் இருந்தால் அதை வையுங்கள். முகம் முகமாக இருக்கும், கோபுரம் அவர் தோளுக்குப் பின்னால் கம்பீரமாக எழுந்து நிற்கும்.

முகத்தை எடுக்கும்போது இன்னும் ஒரு காரணத்துக்காகவும் இந்தத் தூரம் வேண்டும். ஒரு முழத்துக்குள் போனைக் கொண்டுபோனால் மூக்கு காதைவிட லென்ஸுக்கு நெருக்கம், அதனால் மூக்கு பெரிதாகி முகம் நீண்டுவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் நாம் தினமும் பார்க்கும் முகமாக வரும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தி எப்போதும் தடிமனாகத் தெரிவது அகல லென்ஸின் வேலை. அது ஓரங்களை இழுத்து விரிக்கும். ஓரத்தில் நின்றவர் மேல் தப்பில்லை. இன்னும் இரண்டு வரிசை பின்னால் போய் சாதாரண லென்ஸில் எடுங்கள், சித்தி சித்தியாகவே இருப்பார்.

டீ ஆறுவதற்குள் வெளிச்சத்தையும் பார்த்துவிடலாம். கடை வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்து டம்ளரைப் பாருங்கள். டீ வெறும் பழுப்பாகத் தெரியும், ஆவி தெரியவே தெரியாது. இப்போது மேசையைச் சுற்றி வந்து, டம்ளர் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் வரும்படி உட்காருங்கள். வெளிச்சம் டீக்குள் புகுந்து வருவதால் அது செம்பொன்னாக ஒளிரும். பின்னால் ஏதாவது இருட்டான மூலை இருந்தால் ஆவி எழுந்து சுருள்வது துல்லியமாகத் தெரியும். ஆவியில் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் தங்கள் மேல் பட்ட வெளிச்சத்தில் பெரும்பங்கை அது போகும் திசையிலேயே சிதறவிடுகின்றன. அதனால் அந்தத் திசையில் இருப்பவர் கண்ணுக்குத்தான் அவை பளிச்சிடும். சாம்பிராணிப் புகை, மழைச்சாரல், மார்கழிப் பனிமூட்டம், கதிர் தூற்றும்போது பறக்கும் தூசி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மூன்றாவதாக, வாசல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி மாறி உட்காருங்கள். டம்ளரின் வரிகளும் வளைவுகளும் எடுப்பாகத் தெரியும்.

டம்ளர் அதே டம்ளர். நீங்கள் சுற்றி வந்தீர்கள், அவ்வளவுதான். கோயிலைச் சுற்றி வந்தாலும் இதுவே நடக்கும், ஒரு வித்தியாசம், அங்கே வெளிச்சமும் சுற்றி வருகிறது. கல்லில் செதுக்கிய உருவத்துக்கு உயிர் கொடுப்பது பக்கவாட்டு வெளிச்சம். சுவரை உரசிக்கொண்டு போகும் வெயிலில்தான் மூக்கின் கூர்மையும் விரல்களின் பிரிவும் நிழலாக விழும். நேர் எதிரே வெயில் அடிக்கும்போது சிற்பம் சுவரோடு சுவராகத் தட்டையாகிவிடும். பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் முகப்பில் நேராக விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தென்சுவரில் காலையிலும் மாலையிலும் வெயில் சரிவாக உரசும், அப்போது அந்தச் சுவர்ச் சிற்பங்களுக்கு நல்ல காலம். ஆனி மாதத்தில் உச்சி வெயிலே வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழி, தையில் நிழலில் கிடக்கும் வடசுவர் அப்போது வெளிச்சம் காணும்.

நடுப்பகலில் படமே எடுக்காதே என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சாவூரில் உச்சிப்பொழுதில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த வெயில் முகத்துக்கு ஆகாது, கண்குழிகள் கறுத்துப்போகும். ஆனால் செங்குத்துச் சுவருக்கு அதுவும் ஓர் உரசல் வெளிச்சம்தான், மேலிருந்து கீழாக. கபோதம் என்னும் வளைந்த விளிம்பு ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுப்புக் கோடாக நிழல் விழுந்து, விமானத்தின் அடுக்குகள் எண்ணும்படி பிரிந்து நிற்கும். மனிதர்களை எடுக்க வேண்டுமானால் திருச்சுற்று மாளிகைக்குள் வாருங்கள். வெளியே கல்தரையில் பட்ட வெயில் எகிறி உள்ளே வந்து முகங்களை மென்மையாகக் காட்டும். தூணோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்க அதைவிட நல்ல விளக்கு எந்த ஸ்டுடியோவிலும் இல்லை.

அதே புத்தகங்கள் பொன்வேளை என்று ஒன்றைச் சொல்லும். சூரியன் உதித்தபின்னும் மறையுமுன்னும் தாழ்வாக இருந்து மஞ்சளாய் வெளிச்சம் தரும் நேரம். ஒரு மணி நேரம் இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். லண்டனுக்கு அது சரி. அங்கே சூரியன் சாய்வாக ஏறும், அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர கோடையிலும் குளிர்காலத்திலும் 50 நிமிடம் பிடிக்கும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். அதே 6 டிகிரிக்கு 25, 26 நிமிடம்தான். ஆறேகாலுக்கு உதயம் என்றால் ஏழு மணிக்குப் போய்ச் சேர்பவருக்குப் பொன்வேளை கிடைக்காது. அந்தியும் அப்படியே சட்டென்று இருட்டிவிடும். ஆகவே எங்கே நிற்பது என்பதை முதல்நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வந்தபின் இடம் தேடினால் இடம் கிடைக்கும்போது வெளிச்சம் போயிருக்கும்.

அடுத்து பிரகாசம். கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. தன் முன்னால் இருப்பதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வர வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. இன்றைய போன்கள் முகத்தையும் வானத்தையும் அடையாளம் காண்கின்றன என்றாலும் இந்தப் பழக்கம் முழுக்கப் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய நான்கு பேர் படத்தை நிறைத்தால் வேட்டி அழுக்காகத் தெரியும். இருண்ட மண்டபத்தை எடுத்தால் கேமரா அதைப் பட்டப்பகலாக்கி, வாசலுக்கு வெளியே இருப்பதை வெள்ளையடித்துவிடும். முக்கியமான இடத்தில் திரையைத் தொடுங்கள், பக்கத்தில் சின்னச் சூரியன் குறி வரும், அதை மேலோ கீழோ இழுங்கள். பெரும்பாலும் கீழே இழுக்கத்தான் தேவைப்படும். அஸ்தமனத்தில் கொஞ்சம் இருட்டாக எடுத்தால்தான் வானத்தின் நிறம் வானத்தில் தங்கும். மண்டபம் இருட்டாக இருந்தால் படத்திலும் இருட்டாகவே இருக்கட்டும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் முகங்களின் நிறத்தைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது, உலகெங்கும் பிரிண்ட்கள் அந்தத் தோலுக்குச் சரியாக வரும்படியே திருத்தப்பட்டன. கறுத்த முகம் அதில் விவரம் இழந்தது. இன்றைக்கு போனில் இருக்கும் பியூட்டி வசதி வேறு வழியில் அதையே செய்கிறது, கேட்காமலேயே வெளுப்பாக்குகிறது, தோலின் வரிகளை வழித்தெடுத்துவிடுகிறது. அதை அணைத்துவிடுங்கள். வயலிலிருந்து ஏறிவந்த முகத்தில் வெயில் எழுதியதெல்லாம் இருக்க வேண்டும். மாநிறமும் கறுப்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எவ்வளவு ஒளி ஏந்தும் என்பதைப் பார்த்தவர்கள் பவுடர் வெளுப்பைத் தேட மாட்டார்கள்.

படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, மூன்றில் ஒரு பங்கில் வை என்பார்கள். இது புகைப்படத்துக்கு முந்திய விதி. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797இல் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றிச் சொன்னது. கடலையும் வானத்தையும் சரிபாதியாக வெட்டாமல் இருக்க அது உதவும். ஆனால் கோலத்தை ஓரத்தில் வைத்து எடுப்பீர்களா? கோபுர வாசலை? நடுவில் இருக்க வேண்டும் என்றே படைக்கப்பட்டவற்றை நடுவிலேயே வையுங்கள், ஆனால் மிகச்சரியாக நடுவில், அரையடி விலகினாலும் கண்ணில் குத்தும்.

விதியைவிட எனக்கு உதவியது வேறொரு பழக்கம். பொத்தானை அழுத்துமுன் நடுவைப் பார்க்காமல் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பது. ஓரத்தில் பாதி செருப்பு, பாதி மோட்டார் சைக்கிள், யாரோ ஒருவரின் முழங்கை, தலைக்கு மேலே முளைத்த மின்கம்பம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கம்பத்தைத் தவிர்க்க மறுபடியும் அதே வைத்தியம்தான், ஓரடி இடப்பக்கம் நகர்வது.

நல்ல இடம் கிடைத்தபின் அங்கேயே நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசான் 1932இல் பிரான்சின் இயேர் என்ற ஊரில் எடுத்த படம் ஒன்று உண்டு. மேலேயிருந்து பார்க்கும்போது வளைந்திறங்கும் படிக்கட்டு, கீழே தெருவின் வளைவு, அதில் விரையும் ஒரு சைக்கிள்காரர், வேகத்தில் கொஞ்சம் கலைந்த உருவம். படிக்கட்டின் வளைவை எடுக்க ஓர் இடம்தான் உண்டு, சைக்கிள் வருவதற்கு ஒரு கணம்தான். ஆட்களைத் துரத்திப் போகாமல் நல்ல பின்னணி முன் நின்று, அதற்குள் யாராவது வரட்டும் என்று காத்திருந்தால் உங்களுக்கும் அப்படி அமையும். அவர் நம் பக்கமும் வந்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் ஆசிரமத்தில் இருந்து படம் எடுத்தார்.

கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ நல்ல நிறத்தில் ஒரு திண்ணைச் சுவர் கிடைத்தால் பத்து நிமிடம் எதிரே நின்று பாருங்கள். பூக்காரம்மா போவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள், ஆடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். நடப்பவரை எடுக்கும்போது அவர் கால்கள் விரிந்திருக்கும் கணத்தில் அழுத்துங்கள், இரண்டு காலும் சேர்ந்திருந்தால் நட்ட கம்பு போல இருக்கும். அவர் போகும் பக்கம் கொஞ்சம் வெற்றிடம் இருக்கட்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் நடப்பவர் கலைந்துதான் வருவார். 1/250 விநாடி கிடைத்தால்தான் நடை உறையும், மாலையில் மண்டபத்துக்குள் போன் 1/30க்கு இறங்கிவிடும். அங்கே நிற்பவரையும் உட்கார்ந்தவரையும் எடுங்கள், தோளைத் தூணில் சாய்த்துக்கொண்டு மூச்சை விட்டபடி அழுத்துங்கள்.

ரயிலில் போகும்போது கண்ணாடி ஜன்னல் என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், உள்ளே எரியும் விளக்கின் பிரதிபலிப்பு மறையும். பக்கத்துக் கம்பங்கள் கோடாக ஓடும், தூரத்து மலை அசையாமல் நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை எடுக்க அதுவே போதும்.

மனிதர்களை எடுப்பதில் நுட்பத்துக்கு முன் மரியாதை. நாற்று நடும் பெண்கள் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுவது எனக்குச் சம்மதமில்லை. வரப்பில் நின்று, “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். சரி என்றால் முதல் படத்தில் விறைத்துத்தான் நிற்பார்கள். அதை எடுத்து, திரையில் காட்டுங்கள். சிரிப்பு வரும், பேச்சு வரும், பிறகு வேலைக்குத் திரும்புவார்கள். நீங்கள் தேடி வந்த படம் அதற்கப்புறம்தான் கிடைக்கும். குழந்தை என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். பெரிய கோயில் உட்பட, கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாத இடங்களில் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள், அந்த இருட்டும் எண்ணெய் வாசனையும் படத்தில் வரப்போவதுமில்லை.

இதையெல்லாம் பழகத் தஞ்சாவூருக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று தெரியுமா? தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும்போது எழும் ஆவி அந்த ஜன்னலுக்கு எதிரே நின்றால் எப்படித் தெரியும் என்று பாருங்கள். தாத்தா பேப்பர் படிக்கும் திண்ணை, தங்கை சைக்கிளைத் துடைக்கும் வாசல், மாடியில் உலரும் வடகம். நம் பழைய ஆல்பங்களில் கல்யாணமும் காதுகுத்தும் வரிசையாக இருக்கும். அந்த வீட்டில் ஆட்டுக்கல் எந்த மூலையில் கிடந்தது, பாட்டி எந்தத் தூணில் சாய்ந்து உட்காருவார் என்பதற்கு ஒரு படமும் இருக்காது. பிலிம் விலைக்கு அன்றைக்கு அது கட்டுப்படியாகவில்லை. இன்றைக்கு அந்தத் தடை இல்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் விட்டுவிடுவது இந்தப் படங்களைத்தான், அதனால் இவற்றையே முதலில் எடுங்கள் என்பேன்.

எடுத்ததில் பெரும்பகுதியை அழிக்கவும் மனம் வேண்டும். ஒரே காட்சியில் ஏழு படம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உடனே அழிக்க வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், எடுத்தபோது இருந்த பரபரப்பு அடங்கியபின் எது நிற்கிறது என்று தெரியும். அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் போகும். நல்லதாகப் பத்து சேர்ந்ததும் பக்கத்து ஸ்டுடியோவில் 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். வரப்பில் சிரித்த அக்காவுக்கு ஒரு பிரதி, பாட்டிக்கு ஒரு பிரதி. பின்பக்கத்தில் ஊர், தேதி, இடமிருந்து வலமாக யார் யார் என்று மெல்லிய மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் முகத்தின் மேல் தடம் விழும்.